சூடேறாத டயர்

டயர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார்கள். எதற்கு என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் இன்றுவரை தெரியாது. பழுத்திருக்கிறதா என்று பார்க்க அது என்ன மாம்பழமா? அழுத்திவிட்டுத் தலையை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும். போன வாரம் வந்தபோது நீங்களும் அழுத்தினீர்கள், தம்பி. ஓரமாக நிற்கிற அந்த உடைந்த பைக்கின் பின்சக்கரத்தை. அழுத்திவிட்டுத் தலையையும் ஆட்டினீர்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

உட்காருங்கள். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சுவர்ப் பக்கம் சாய்ந்துகொண்டால் ஆடாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத வேண்டியதை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, கையெழுத்துக்காக மட்டும் வந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது. கையெழுத்துப் போட வேண்டிய மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறார். மகள் உள்ளே தூங்குகிறாள். மருந்து அப்படி. நாலு மணிவரை எழுந்திருக்க மாட்டாள். அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம். பேனாவை மூடாதீர்கள்.

இந்தத் தெருவில் என் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. அளப்பு மாமா என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். ஒரு லாரி டயர் என் கடையிலிருந்து தானாக உருண்டு கிளம்பி, மூன்று சிக்னலில் நின்று, பச்சை விழுந்த பிறகே நகர்ந்து, தன் லாரிக்காரர் வீட்டு வாசலில் போய்ச் சாய்ந்துகொண்டது என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய் என்று எவரும் சொன்னதில்லை. போன தடவை நாலு சிக்னல் என்றீர்களே என்றுதான் கேட்பார்கள். ஆகவே எனக்கு உண்மை சொல்லிப் பழக்கம் குறைவு. நடுவில் எங்கேயாவது தட்டுத் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாற்பத்தோரு வருஷம் டயர்க் கடை வைத்திருக்கிறேன். இந்த வாடிக்கையாளருக்கு இந்த டயர் என்று நான் கண்ணால் பார்த்துச் சொன்னதில்லை. மூன்று கேள்வி கேட்பேன். எங்கே ஓட்டுவீர்கள்? எப்போது ஓட்டுவீர்கள்? பின்னால் யார் உட்காருவார்கள்? முதல் கேள்வியில் ரோடு தெரிந்துவிடும். இரண்டாவதில் வெயிலும் ஈரமும் தெரிந்துவிடும். மூன்றாவது எடை தெரிந்துகொள்வதற்கு என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் அது எடைக்காக இல்லை. பின்னால் யார் என்று சொல்லும்போது ஒருவன் முகம் போகிற போக்கைப் பார்த்தால், அவன் எப்படி ஓட்டுவான் என்று தெரிந்துவிடும். “யாருமில்லை” என்பவனுக்கு ஒரு டயர். “அம்மா” என்பவனுக்கு வேறு டயர். “சும்மா, ஒரு ஃப்ரெண்டு” என்று காதைச் சொறிகிறவனுக்கு இருப்பதிலேயே பிடிமானம் அதிகமான டயர். அவன் தேவையே இல்லாமல் பிரேக் போடுவான்.

மாப்பிள்ளையிடம் மூன்றாவது கேள்வியை நான் கேட்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் மனைவி போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மகள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். ஊரில் பாதிப் பேர் அவளுக்கு எழுத்து வாசித்துக் காட்டியவர்கள்தான். மாப்பிள்ளை லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டோடு இருக்கிறார். ஆள் நல்ல உயரம். சமையலறை நிலைப்படியில் நெற்றி இடிக்கும். ஐந்து வருஷமாக இடித்துக்கொள்கிறார். ஒவ்வொரு தடவையும் நிலைப்படியைப் பார்த்து “சாரி” என்கிறார். அப்படிப்பட்ட மனிதர். அவர்மேல் எனக்கு எள்ளளவும் மனத்தாங்கல் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளலாம்.

அவருக்கு இருந்த ஒரே ஆசை அந்த பைக். சூப்பர்மோட்டோ என்பார்கள். மேட்டிலும் சேற்றிலும் தாவுகிற பைக்கின் உடம்பு, தார் ரோட்டில் ஓடுகிற பைக்கின் சக்கரம். ஒட்டகத்துக்கு முயல் கால் வைத்த மாதிரி என்று நான் சொல்வேன். அவர் சிரிப்பார். ஓட்டுகிறவரும் ஒட்டகம்தான் என்று மகள் சொல்வாள். அதற்கு இன்னும் சத்தமாகச் சிரிப்பார்.

மகள் தினமும் மாலை ஏழு பத்துக்கு வீட்டுக்கு வருவாள். வாசலுக்குப் பக்கத்தில், அதோ, அந்த நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் சாவியைப் போடுவாள். கிணுங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் பசிக்கும். மனைவி போன பிறகு வந்த பழக்கம் அது. டாக்டரிடம் சொன்னேன். வயிற்றில் கோளாறு இல்லை என்றார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பரணிலிருந்து பெரிய பெட்டி இறங்கியது. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. மலை ரோடு வழியாக நாலு மணி நேரம். அங்கே எல்லாம் நாற்பது மாடிக் கட்டடங்களாம். லிஃப்ட்காரர்களுக்கு அதைவிட வேறு சொர்க்கம் ஏது. இது எனக்கு நேராகத் தெரியாது. அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. மகள் என்னிடம் சொல்ல வந்தாள்.

“அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்.”

“பேசலாம் அம்மாடி. பெட்டியைப் பார்த்ததும்தான் ஞாபகம் வருது. ஒருத்தர் சூட்கேஸோட வந்து, இதுக்கு லாரி டயர் போட்டுக் குடுங்கன்னு நின்னார் பாரு...”

“அப்பா, கதையை ஒரு நிமிஷம் நிறுத்துங்களேன்.”

“நிறுத்தினா அவர் பாவம், நடு ரோட்டுல பெட்டியோட நிப்பாரே.”

சிரித்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் சொல்ல வந்தது போய்விடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதற்குப் பிறகும் இரண்டு முறை வந்தாள். இரண்டு முறையும் என்னிடம் கதை இருந்தது. கதைக்கு என்னிடம் என்றுமே பஞ்சம் இல்லை.

இப்போது டயருக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை பைக்கைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய டயர்கள் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன.

“எதைப் போடலாம் மாமா? நெட்ல பார்த்தா ஆளுக்கு ஒண்ணு சொல்றான். தலை சுத்துது.”

“நெட்ல சொல்றவன் வந்து உங்களுக்குப் பஞ்சர் ஒட்டுவானா?”

“அதானே. நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

“எங்க ஓட்டப் போறீங்க?”

“மலை ரோட்டுல. நாளைக்கே அந்த ஊருக்கு ஒரு தடவை போய்ட்டு வரணும் மாமா. அதைப் பத்தித்தான் உங்க பொண்ணு உங்ககிட்ட...”

“எப்போ கிளம்புறீங்க?”

“ஒம்போது மணிக்கு மேல. கொஞ்சம் வெயில் வரட்டுமேன்னு.”

“ஆறு மணிக்கே கிளம்பிடுங்க மாப்ள. லாரித் தொல்லை இருக்காது.”

“சரி மாமா.”

நான் எதைச் சொன்னாலும் அவருக்குச் சரி மாமாதான்.

அவர் சக்கரத்தின் அளவுக்குக் கடையில் மூன்று ஜோடி இருந்தன. ஒன்று, பட்டன் பட்டனாகப் புடைத்த டயர். மண்ணுக்கும் தாருக்கும் பொது. தாரில் போனால் தேனீக்கூடு மாதிரி இரையும். இரண்டாவது, மழைத் தண்ணீர் ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டிய சாதாரண சாலை டயர். ஓசைப்படாமல் வேலை செய்கிற மருமகள் மாதிரி. அதை எவரும் புகழ்ந்ததும் இல்லை, அதனால் எவரும் விழுந்ததும் இல்லை. மூன்றாவது, பந்தயத் தடத்தில் ஓட்டுகிற மென்மையான டயர். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வராமல் போனது. பார்க்க அப்படி ஓர் அழகு. மேலே இரண்டே இரண்டு கோடு. மற்றதெல்லாம் கறுப்புப் பட்டு.

அந்த மூன்றாவதைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அது சூடேறினால் பிசின். சூடேறாவிட்டால் ஈரத்தில் கிடக்கிற சோப்பு. பந்தயம் ஓட்டுகிறவர்கள் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கரண்ட்டில் சூடாகிற கம்பளியை டயருக்குப் போர்த்தி வைப்பார்கள். சிரிக்கிறீர்கள். எல்லாரும் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். இது நான் அளப்பது இல்லை. வேண்டுமானால் வெளியில் விசாரித்துப் பாருங்கள்.

நான் உள்ளேயிருந்து எடுத்து வந்து வைத்த மூன்றாவதைத்தான் மாப்பிள்ளை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருந்தார்.

“இது எப்படி மாமா?”

“இருக்கிறதிலேயே பிடிமானம் இதுக்குத்தான்” என்றேன்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன மிகச் சில உண்மைகளில் அதுவும் ஒன்று.

புது டயர் வாங்குகிற எல்லாரிடமும் ஒன்று சொல்லி அனுப்புவேன். புது டயர் புது மாப்பிள்ளை மாதிரி, மேலே மினுமினுப்பு இருக்கும், அது தேயும் வரை முதல் நூறு கிலோமீட்டர் அடக்க ஒடுக்கமாகப் போங்கள் என்பேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடமே மாப்பிள்ளை நகைச்சுவை சொல்வது மரியாதையாக இருக்காது என்று தோன்றியது.

வேலையில் குறை வைக்கவில்லை. சக்கரத்தைச் சமன் பார்த்தேன். காற்று நானே வைத்தேன். டயரின் பக்கவாட்டில், பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று அரிசி அளவு எழுத்தில் அச்சடித்திருக்கும். அதைத் துடைத்துச் சுத்தமாகவே விட்டேன். படிக்க நினைக்கிறவர் படிக்கலாம். என் மகள் நாள் முழுக்க அரிசி அளவு எழுத்தை ஊராருக்குப் படிக்கக் கொடுப்பவள். மறுநாள் காலையில் அவள் கால் அந்த எழுத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தூறல். ரோடெல்லாம் கண்ணாடி. மாப்பிள்ளை பைக்கைக் கிளப்பினார். மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அப்போதுதான் பார்த்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய ஹெல்மெட் வார் தொளதொளவென்று இருந்தது. நான்தான் இழுத்து மாட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

“சாயங்காலம் வந்து எல்லாம் சொல்றேம்பா. இந்தத் தடவை கதை கிடையாது, நான் பேசுவேன், நீங்க கேக்கணும்.”

“சரி அம்மாடி.”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வந்தது கதைதான். தூறலில் நனைந்து சுருங்கிப்போன டயரைப் பற்றி ஒன்று. அவள் சிரித்துக்கொண்டே போனாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். நம் தெரு முடிந்ததும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருப்பம். அங்கே குழாய் எப்போதும் கசியும். யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மெதுவாகத்தான் திரும்புவார்கள். டயரில் சூடேற அந்தத் தூரம் போதாது. விழுந்தால் முட்டி தேயும். மிஞ்சிப் போனால் ஓர் எலும்பு. எலும்பு சேர ஆறு வாரம். ஆறு வாரம் ஒரு வேலையை யாரும் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்க மாட்டார்கள். பெட்டி மறுபடியும் பரணுக்குப் போய்விடும். சாவி கிண்ணத்தில் விழும்.

அந்தத் திருப்பத்தில்தான் விழுந்தார்கள். என் நினைப்பு அதுவரைக்கும் சரி. ஆனால் ரோட்டு ஓரத்தில் யாரோ ஒரு சிமெண்டுக் கட்டையைப் போட்டு வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அது அங்கே இல்லை. மாப்பிள்ளைக்கு முழங்கை சிராய்த்தது. மகளுக்கு இடுப்பு எலும்பு மூன்று துண்டு. இடது காலில் இன்னும் உணர்ச்சி திரும்பவில்லை. திரும்பும் என்று ஒரு டாக்டர் சொல்கிறார். இன்னொருவர் பேச்சை மாற்றுகிறார். பேச்சை மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும்.

பதினொரு வாரம் ஆகிறது. நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தலை வாருகிறேன், புரட்டிப் படுக்க வைக்கிறேன், மருந்து கொடுக்கிறேன். “நீங்க மட்டும் இல்லேன்னா நான் என்னப்பா ஆயிருப்பேன்” என்கிறாள். தினமும் சொல்கிறாள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. படி ஏறினாற்போல் மூச்சு வாங்குகிறது.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அவள் வெளியே போவதில்லை. அதனால் சாவி விழுகிற சத்தமும் இல்லை. சில நாள் ஏழு பத்துக்கு என் சாவியை நானே அதில் போட்டுப் பார்க்கிறேன். அதே கிண்ணம்தான். சத்தம் வேறு மாதிரி வருகிறது.

ஆஸ்பத்திரியில் அவளுடைய கைப்பையை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு துண்டுக் காகிதம் இருந்தது. அவள் கையெழுத்து. அன்றைக்கு அந்த ஊரில் பார்க்கப் போன வீட்டைப் பற்றிய குறிப்பு. ‘கீழ்த்தளமா? வாசலில் படி இருக்கக் கூடாது. அப்பா அறைக்கு ரோட்டைப் பார்த்த ஜன்னல். பக்கத்தில் டயர்க் கடை இருக்கிறதா என்று பார்க்கணும், அவருக்குப் பேச ஆள் வேணும்.’ ஆள் வேணும் என்பதன் கீழே கோடு. மூன்று முறை என்னிடம் சொல்ல வந்தது அதைத்தான் போலிருக்கிறது. காகிதத்தை மடித்து அது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அடுத்தவர் பையைக் குடைகிற வழக்கம் எனக்கில்லை.

முதலில் இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதாக இல்லை. மாப்பிள்ளை உங்களிடமும் போலீசிடமும் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். “டயரைத் தேர்ந்தெடுத்தது நான்தான், மாமா வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை, வேகமாகவும் போனேன்” என்றார். நீங்கள் அதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அவர்மேல் வழக்கு வரும். லைசென்ஸ் போய்விடும். ராத்திரி கூடத்தில் தனியாகப் படுத்துக்கொள்கிறார். பாதியாக இளைத்துவிட்டார். நிலைப்படியில் இடித்துக்கொண்டால் இப்போது சாரி சொல்வதில்லை. இதைப் பார்க்க எனக்குச் சங்கடம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனிதனுக்கு எதுவும் பழகிவிடுகிறது.

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு இருவரும் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள்.

“மாமாகிட்ட இதைப் பத்திக் கேக்கவே கேக்காதே. வயசாச்சு. ரெண்டு டயரும் பக்கத்துல பக்கத்துல இருந்திருக்கு, மாத்தி எடுத்துட்டார். அவ்வளவுதான். தெரிஞ்சா மனுஷன் உடைஞ்சு போயிடுவார்.”

“அதுக்காக நீங்க ஏன் உங்க தலையில போட்டுக்கிறீங்க?”

“யார் தலையிலயாவது விழணுமே. என் தலைதான் எல்லாத்துலயும் இடிக்குது.”

அவள் அழுகிற குரலில் சொன்னாள்.

“தப்பு என்னோடதுங்க. ஊருக்கெல்லாம் கண்ணு பாக்குறேன். எங்கப்பா கண்ணைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. நான் பார்த்திருந்தா அந்தச் சின்ன எழுத்தை அவர் படிச்சிருப்பார்.”

மறுநாள் அவளே எழுத்து அட்டையைச் சுவரில் மாட்டச் சொன்னாள். படுத்த படுக்கையில் இருந்தபடியே என் கண்ணைச் சோதித்தாள். கடைசி வரிவரைக்கும் படித்துக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டும் படித்தேன். “பரவாயில்லையேப்பா” என்றாள். முகத்தில் நம்பிக்கை இல்லை. மனப்பாடம் செய்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

அன்றைக்கே போலீஸ்காரரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். “டயருக்குக் கம்பளியா மாமா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காப்பி வாங்கிக் கொடுத்தார். அந்த மூன்று சிக்னல் கதையைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பிறகு, பெரியவருக்கு மகளைப் பார்த்துப் பார்த்து மனசு சரியில்லை போலிருக்கிறது என்று மாப்பிள்ளைக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை அன்று முதல் என் தட்டில் தானே பரிமாறுகிறார். மருந்து டப்பாவில் எனக்கும் ஒரு வரிசை போட்டிருக்கிறார். கடைச் சாவியை, மாமா ரெஸ்ட் எடுங்க என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

நீங்கள் படித்தவர். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பைக் வாசலில்தான் நிற்கிறது. பக்கவாட்டில் குனிந்து அரிசி எழுத்தைப் படியுங்கள். கடை அலமாரியைப் போய்ப் பாருங்கள். சாலை டயர் கீழ்த் தட்டில் வாசலோரம் இருக்கிறது. பந்தய டயர் இருந்த இடம் மேல் தட்டில் உள்பக்கம், ஏணி போட்டு எடுக்க வேண்டும். எழுபத்திரண்டு வயதில் ஏணி ஏறி ஒருவன் எதையும் மாற்றி எடுப்பதில்லை.

இன்னும் ஒன்று. முதலில் ஒன்றை எழுதச் சொன்னேனே, மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை என்று, அதை அடித்துவிடுங்கள். பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்காமல் நான் ஒருவருக்கும் டயர் கொடுத்ததில்லை.

“பின்னால யாரு மாப்ள?” என்று கேட்டேன்.

“வேற யாரு மாமா, உங்க பொண்ணுதான்” என்றார். சொல்லும்போது அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்தேன். ரொம்ப ஜாக்கிரதையாக ஓட்டுவார் என்று தெரிந்தது. அந்தத் திருப்பத்தில் நடக்கிறவனைவிட மெதுவாகத்தான் திரும்பியிருப்பார். அந்த டயருக்கு அது இன்னும் மோசம்.

அவர் தனியாக விழுந்திருந்தால் அவள் எனக்கு இருந்திருக்க மாட்டாள், தம்பி. கட்டுப் போட்ட புருஷனுக்குச் சோறு ஊட்ட எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போயிருப்பாள். அவள் விழுந்தால்தான் அவள் இங்கே இருப்பாள். மாப்பிள்ளை பதில் சொன்ன பிறகுதான் நான் ஏணியை எடுத்தேன்.

ஆகவே, வயசாச்சு, மாற்றிப் போட்டுவிட்டார் என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதீர்கள். நாற்பத்தோரு வருஷத்தில் நான் ஒருவருக்கும் தவறான டயர் போட்டதில்லை. அன்றைக்கும் போடவில்லை.